குமிழி எக்கோ எதற்கு?

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இதயம் 65 சதவீதம் பம்ப் செய்வதாக வந்துவிட்டது. கல்லீரல் மாற்று அறுவைக்கு முன் மறுபடியும் ‘பபுள் எக்கோ’ (குமிழி எக்கோ) கேட்கிறார்கள். உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் குறைகிறது. இது அவசியமா?

பதில்: அவசியம். அந்த மூச்சு வாங்கலை டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். சிரோசிஸில் நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து, ரத்தம் போதிய ஆக்சிஜன் ஏறாமலே கடந்துவிடலாம். அதைக் காட்டுவதே இந்தச் சோதனை.

சுமார் 9 மி.லி. சலைனையும் 1 மி.லி.க்கு மேற்படாத காற்றையும், மூவழித் திருகில் (மூன்று குழாய்களை இணைக்கும் சிறு அடைப்பான்) பொருத்திய இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால் நுண்குமிழிகள் உண்டாகி அது பால்போல் வெளுக்கும். உடனே கையின் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். இதயத்தின் வலது அறைகள் திரையில் வெண்மையாகும். ஆரோக்கியமான நுரையீரல் குமிழிகளை வடிகட்டிவிடும். வலது பக்கம் வெளுத்தபின், இடது பக்கம் 3 துடிப்புக்குள் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் இதயச் சுவரில் துவாரம். அதற்குப் பிறகு, 3 முதல் 6 துடிப்பில் வந்தால் விரிந்த நுரையீரல் குழாய்கள்தான் காரணம். துடிப்பை எண்ணத் தவறினால் முடிவே மாறிவிடும்.

65 சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். உடலெங்கும் ரத்தக்குழாய்கள் தளர்ந்திருப்பதால் பலவீனமான இதயம்கூடச் சுலபமாகப் பம்ப் செய்யும். இதயத் தசை தளரும் வேகம், இடது மேலறை அளவு, ஸ்ட்ரெய்ன் (தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு) ஆகியவையும் ரிப்போர்ட்டில் வேண்டும். வலது கீழறை அழுத்தம் 50 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் கத்தீட்டர் (மெல்லிய குழாய்) வைத்து நேரடியாக அளப்பார்கள். வயிற்றில் நீர் நிறைந்திருந்தால் படம் மங்கும். நீர் எடுத்தபின் செய்வது நல்லது.