வாரண்டி முடிந்து 12 நாளில் லேப்டாப் ஆன் ஆகவில்லை

லேப்டாப் ஆன் ஆகவில்லை, மதர்போர்டை (உள்ளே இருக்கும் முக்கியச் சர்க்யூட் பலகை) மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் கேட்கும் 18,000 ரூபாயை இப்போதே கட்டாதீர்கள். வாரண்டி முடிந்து 12 நாள்தான் என்கிறீர்கள். சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருப்பவர் விதியைத்தான் சொல்வார். பில், சீரியல் எண்ணோடு நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டு, வாரண்டி முடிந்திருந்தாலும் இந்த ஒரு முறை விலக்கு கொடுத்து இலவசமாகச் சரிசெய்து தரும்படி கேளுங்கள்.

அதற்கு முன், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் சார்ஜரைச் செருகி, ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையா? சார்ஜரோ, அதைச் செருகும் ஜாக்கோ போயிருக்கலாம். அதே வோல்ட், வாட் உள்ள வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எனக்கும் ‘போர்டு போச்சு சார்’ என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் லொடலொடவென்று ஆடிய ஜாக், 600 ரூபாயோடு முடிந்தது.

இதே கோளாறுக்கு வாரண்டிக்குள்ளேயே சர்வீஸ் கொடுத்திருந்தால் அந்த ஜாப் ஷீட்டை (சர்வீஸ் சென்டர் கொடுத்த சீட்டு) பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் பிடி. மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உற்பத்திக் குறை என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும், அதனால் பதில் வரும்வரை வெளிக்கடையில் திறக்க விடாதீர்கள்.