உல்லம் ஏன் வருவதில்லை?

கேள்வி: கொள்ளிடத்தில் முன்பு உல்லம் மீன் ஏறுமாம். இப்போது வருவதில்லையே? மீன் ஏணி கட்டினால் திரும்புமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: அணையை மீன் ஏறிக் கடக்கக் கட்டும் ஏணி மட்டும் போதாது. கடலில் வளரும் உல்லம், ஆற்றுமுகத்தில் பாயும் புது வெள்ளத்தின் நன்னீரை உணர்ந்துதான் முட்டையிட மேலேறும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் பருவத்தின் முதல் வெள்ளம் நீர்த்தேக்கத்திலேயே அடங்கிவிடுகிறது. கீழே அணைக்கரையிலுள்ள கீழணை வேறு வழிமறிக்கிறது.

உல்லம் துள்ளித் தாவும் மீனல்ல. தாவி ஏறும் சால்மன் மீனுக்காகப் படிபோல் அடுக்கிக் கட்டும் தொட்டிகள் இதற்கு உதவா. சரிவு குறைந்த, நீர் இடைவிடாமல் ஓடும் வாய்க்கால் வேண்டும். அதன் வாய், மதகு நீர் வேகமாக விழும் இடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் மீன் அதைக் கண்டுபிடிக்காமல் மதகடியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், வலைக்கும் சிக்கும். எல்லாவற்றுக்கும் முதலில், ஆடி ஆவணியில் கடல்வரை தண்ணீர் போயாக வேண்டும்.