குத்தாமல் விட்ட தோல்

அன்புள்ள ஐயா,

பர்மாவில் தட்டோனிலிருந்து எழுதுகிறேன். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு முன்னால் என் நண்பன் ரங்கூனில் ஒரு கடையில் முன்கை முழுக்க வேலும் மயிலும் போட்டு, கீழே ‘ஓம் முருகா’ என்று பச்சை குத்திக்கொண்டான். படம் இணைத்திருக்கிறேன். எல்லாரும் சூப்பர் என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. பொறாமையோ என்று எனக்கே சந்தேகம். பச்சையில் நல்லது, மட்டம் என்று உண்டா, இல்லை எல்லாம் அவரவர் ரசனைதானா? நானும் மணிக்கட்டில் சின்னதாக ‘யாமிருக்க பயமேன்’ என்று குத்திக்கொள்ள நினைக்கிறேன். ‘ரத்தம் கெட்டுப்போகும், வேலை கிடைக்காது, குத்தினால் வீட்டுப்படி ஏறாதே’ என்கிறார் அப்பா.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ரத்தத்தைக் கெடுப்பது இன்னொருவர் உடம்பில் இறங்கிய ஊசி. ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் அந்த வழியாகவும் வரும். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்காத கடையில் உட்காராதீர்கள். வேலை கிடைக்குமா என்பது வேலை கொடுப்பவர் பாடு. வீட்டுப்படி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்.

‘எல்லாம் அவரவர் ரசனைதானா’ என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் இன்று எல்லா மோசமான வேலையும் தப்பித்துக்கொள்கிறது. ஒருவருக்கு வேல் பிடிக்கும், ஒருவருக்கு டிராகன் பிடிக்கும், ஒருவருக்கு மான்செஸ்டர் யுனைடெட் சின்னம் பிடிக்கும். அது ரசனை, அதில் சண்டை இல்லை. கோடு நடுங்குவது ரசனையா? நண்பன் கையில் இருக்கும் வேல் படத்தை இன்னொரு முறை பாருங்கள். வேலின் இலையில் இடது விளிம்பு ஒரு கனம், வலது விளிம்பு வேறு கனம். குத்தியவர் ஒரே கோட்டை இரண்டு தடவை இழுத்திருக்கிறார், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. தண்டின் ஓரமாக நீலம் படர்ந்திருக்கிறதே, அது நிழல் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி ஆழமாகப் போய், மை கொழுப்புக்குள் கசிந்த இடம். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை நிற்க வேண்டும். அதற்கும் மேலே நின்றால் தோலோடு உதிர்ந்துவிடும், கீழே போனால் இப்படிப் பரவும். உங்கள் கண் இதையெல்லாம் பார்த்துவிட்டது, வாய்க்குத்தான் சொல்லத் தெரியவில்லை. பொறாமையாம் பொறாமை!

ஆனாலும் அந்தப் படத்தை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது குத்திய அன்றே எடுத்த படம். தோல் சிவந்து, மேலே வாசலின் களிம்பு பளபளக்கும்போது எந்த வேலையும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். பச்சையைப் பத்து வருடம் கழித்துப் பார்க்க வேண்டும், அறுபது வருடம் கழித்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

அப்படிப் பார்த்தவன் நான். மோல்மீனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பொதுக்கிணறு. அங்கே ஒரு பர்மியப் பெரியவர் லுங்கியை உயர்த்திக் கட்டிக்கொண்டு குளிக்க வருவார். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரே நீலம். நான் ரொம்ப நாள் அதைக் கால்சட்டை என்றே நினைத்திருந்தேன். கிட்டப் போனால் புலி, குரங்கு, பூதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்தைச் சுற்றிலும் எழுத்து. அந்தக் காலத்துப் பர்மியப் பையன்களுக்கு மீசை அரும்பும் வயதில் இதைக் குத்திவிடுவார்கள். தொடையில் பச்சை இல்லாதவன் ஆம்பளையே இல்லை. நல்லெண்ணெய் விளக்கில் பிடித்த கரிதான் மை. தலைப்பக்கம் பித்தளைக் கனம் வைத்த நீளமான கோல், அதன் நுனி பேனா முள் போலப் பிளந்திருக்கும், மை அந்தப் பிளவில் நிற்கும். வலி தாங்கப் பையனுக்கு அபின் கொடுப்பதும் உண்டு.

பெரியவருக்கு அப்போதே எண்பதை ஒட்டிய வயது. தொடை சுருங்கித் தொங்குகிறது. ஆனால் புலி புலியாக இருக்கிறது, அதன் வரிகளை எண்ணலாம்! இது எப்படி என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. குத்தியவர் வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாகத் தோலை விட்டிருக்கிறார். மை போட்ட இடத்தில் நிற்காது தம்பி. தோலில் இருக்கும் சில செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை செத்தால் அடுத்து வரும் செல்கள் அதே மையை விழுங்கிக்கொள்கின்றன, 2018-இல் பிரான்சில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். வருடம் போகப் போகக் கோடு அகலும், ஓரம் மங்கும். பெரியவருக்குக் குத்தியவர் எந்த ஆய்வையும் படித்தவர் இல்லை. கோடு அகலும் என்று தெரிந்து, அகல்வதற்கு இடம் வைத்துக் குத்தினார். உங்கள் நண்பனின் கையில் அப்படி ஒரு விரல்கடை வெறும் தோல் இருக்கிறதா? மயில் தோகைக்கு மேல் வேல், வேலுக்குப் பின்னால் சூரியன், மிச்சம் இருந்த இடத்தில் மேகம். நிரப்பித் தள்ளியிருக்கிறார். கூலி சதுர அங்குலத்துக்கோ என்னவோ.

அழகு என்பதை வைத்து மட்டும் பச்சையைப் பார்த்தவர்கள் இந்த நாட்டில் குறைவு என்பதும் உண்மைதான். 1930 டிசம்பரில் தராவடியில் வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராகச் சாயா சான் பின்னால் எழுந்த விவசாயிகள் குண்டு துளைக்காது என்று நம்பிப் பச்சை குத்திக்கொண்டார்கள். குண்டு துளைத்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-இல் இங்கே எத்தனை பேர் என்னென்ன குத்திக்கொண்டார்கள், இன்று ஏன் முழுக்கைச் சட்டை போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். சின் மலையில் முகம் முழுக்கக் குத்திக்கொண்ட பாட்டிமார்களைப் பற்றி, ‘ராஜா தூக்கிப் போகாமலிருக்க முகத்தை அசிங்கப்படுத்திக்கொண்டார்கள்’ என்று சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1960-களில் அரசாங்கம் தடை போட்டதால் அவர்களோடு அந்த வழக்கமே முடியப் போகிறது. அவர்களிடம் கேட்டவர்களுக்குப் பல பாட்டிகள் சொன்ன பதில் வேறு: அழகுக்குத்தான் குத்திக்கொண்டோம், குத்தாவிட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்? ஒரு கூட்டத்தாருக்கு வட்டம், இன்னொரு கூட்டத்தாருக்குப் புள்ளி வரிசை. எந்தப் பாட்டியின் புள்ளி நேராக இருக்கிறது என்று அவர்களுக்குள் பேச்சு இல்லாமலா இருந்திருக்கும்!

உங்கள் கடிதம் வந்த சமயம் நான் எங்கள் அப்பத்தாவின் எஃப்ஆர்சி அட்டையை, அதாவது வெளிநாட்டவர் பதிவு அட்டையைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். அவள் கையில் கோலப் பச்சை உண்டு, சிவகங்கைப் பக்கம் குறத்தி குத்தியது. மஞ்சளும் அகத்திக்கீரையும் சேர்த்துத் துணியில் திரியாகச் சுற்றி எரித்து, சட்டியில் பிடித்த கரி. கல்யாணத்துக்கு அப்புறம் அதற்குக் கீழே தாத்தா பேரையும் குத்திக்கொண்டாள். அந்தப் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். பதிவு ஆபீசில் புருஷன் பேர் என்ன என்று பர்மியக் குமாஸ்தா கேட்டபோது கையை நீட்டினாளாம். அவருக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். பேர் அண்ணாமலை. ஆனால் ‘ண்ணா’ இருந்த இடத்தில் சுழியெல்லாம் மூடி ஒரே கறுப்பு முடிச்சு. கடைசியில் தும்பிக்கை வைத்த அந்தக் காலத்து ‘லை’. டீக்கடைக்காரர் ‘அம்மாமலை’ என்று படித்தார், குமாஸ்தா அதையே காதால் கேட்டபடி எழுதிக்கொண்டார். அப்பத்தாவுக்குத் தப்பு என்று தெரியும். திருத்த வேண்டுமானால் பேரைச் சொல்ல வேண்டுமே! தாத்தா சாகிற வரைக்கும் அவள் அட்டையில் வேறு யாருக்கோ பெண்டாட்டியாகத்தான் இருந்தாள்.

அந்தப் பச்சை வேலைப்பாட்டில் மட்டம். எனக்கு அதைவிடப் பிடித்த பச்சையும் கிடையாது. இரண்டும் என் வாயிலிருந்தே வருகிறது பாருங்கள்.

அதனால்தான் உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறேன். தமிழ் எழுத்தைச் சின்னதாகக் குத்தாதீர்கள், சின்னதாகக் குத்தவே குத்தாதீர்கள். நம் எழுத்து முழுக்கச் சுழி. ண-வுக்கும் ன-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம், கால் அங்குல எழுத்தில் அது சில வருடத்தில் போய்விடும். புள்ளி மச்சமாகிவிடும். உள்ளே வெறும் தோல் தெரிய வேண்டிய இடம் எழுத்தில்தான் அதிகம். ரங்கூன் கடையில் குத்துபவர் பர்மியர். வட்டம் போடுவதில் அவர் கையைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் எழுத்தே வட்டம். ஆனால் தமிழ் அவருக்குப் படம். கம்ப்யூட்டரில் தமிழ் சரியாக வராத மென்பொருளில் அடித்தால் ‘மே’-யின் கொம்பு ம-வுக்குப் பின்னால் போய் நிற்கும், அவர் அதை அப்படியே நகலெடுத்துக் குத்துவார், தப்பு என்று சொல்ல அவருக்கு வழி கிடையாது. நீங்களே கையால் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ‘யாமிருக்கப் பயமேன்’ என்று ஒற்று வரும். கோயில் போர்டில் இல்லையே என்று என்னிடம் வாதாட வராதீர்கள்.

இடமும் மணிக்கட்டு வேண்டாம், ஓயாமல் மடங்கும், வெயில் படும். முன்கையின் உள்பக்கம் பாருங்கள். கடைக்குப் போனால் புதிதாகக் குத்திய படங்களைத்தான் நீட்டுவார்கள். மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் குத்தியவை இப்போது எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். முடிந்தால் குத்திக்கொண்ட ஆளையே வரச் சொல்லி, கையைப் பிடித்துப் பாருங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் டீ குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

நண்பனிடம் இந்தப் பதிலைக் காட்ட வேண்டாம். அவன் காசு கொடுத்து, வலி பொறுத்து, முருகன் பேரைக் குத்தியிருக்கிறான். கேட்டால் நன்றாக இருக்கிறது என்றே சொல்லுங்கள்.