வயிற்றைச் சுருக்கும் முன் மனதை ஏன் பார்க்கிறார்கள்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் நடக்கும் உளவியல் மதிப்பீடு பற்றிய கேள்விகளுக்கு, அதைச் செய்யும் மருத்துவ உளவியலாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கத்தி படப்போவது வயிற்றில். மனநல நிபுணரிடம் எதற்கு அனுப்புகிறார்கள்? எனக்கென்ன பைத்தியமா?

பதில்: இதே கோபத்தோடு வந்து உட்காருபவர்கள் நிறையப் பேர். இரைப்பையைச் சிறிதாக்க அறுவை நிபுணருக்குச் சில மணி நேரம் போதும். அதன் பிறகு சின்னச் சின்னக் கவளமாக மென்று தின்பதும், வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை விழுங்குவதும் உங்கள் பாடு. எந்த இடத்தில் இடறுவீர்கள் என்று முன்கூட்டியே பார்த்துவைக்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: உள்ளதைச் சொன்னால் அறுவை வேண்டாம் என்று எழுதிவிடுவீர்களோ?

பதில்: இந்தப் பயத்தில்தான் சிலர் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். "அளவாகத்தான் சாப்பிடுவேன்" என்பார்கள். "எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போவதுண்டா? விளக்கைப் போடுவீர்களா?" என்று கேட்பேன். இருட்டில் நின்றபடியே தின்று பழகியவர் அந்த இரண்டாவது கேள்வியில் தலைகுனிந்துவிடுவார். வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் தின்பது ஒரு கோளாறு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மறைத்தால் அறுவைக்குப் பிறகும் அது கூடவே வரும். பெரிய கவளம் இறங்காத வயிற்றிலும் ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அடியோடு மறுப்பது அரிது. தற்கொலை எண்ணம், கட்டுக்குள் வராத மனச்சிதைவு, விடாத போதைப்பழக்கம் இருந்தால் தள்ளிப்போட்டு, முதலில் அதைக் கவனிக்கச் சொல்வோம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மதிப்பீட்டுக்கு முன் நிறுத்திவிடட்டுமா?

பதில்: கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தியவர்தான் எங்களுக்குக் கவலை. மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைக்கும் பைபாஸ் அறுவைக்குப் பிறகு, மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் உடலில் சரியாகச் சேராமல் போகலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகவும் கூடும்.

கேள்வி: எப்போதாவது குடிப்பேன். அதையும் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டும். பைபாஸ் செய்தவருக்கு மது சட்டென்று ரத்தத்தில் ஏறும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குடிச் சிக்கல் கூடியது அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில். எல்லாம் சரியாகிவிட்டது என்று மருத்துவரிடம் வருவதையே பலர் குறைத்துக்கொள்ளும் காலம் அது.

கேள்வி: என் கணவரையும் அழைத்துவரச் சொன்னார்கள். அவர் எதற்கு?

பதில்: "இன்னும் ஒரு வாய்" என்று தட்டில் வைப்பவர் யார் என்று தெரிய வேண்டாமா?