நாய், பூனைக்கு இதயத் தசை நோய் வந்தால் டாரின் மாத்திரை உதவுமா?

உங்கள் நாய்க்கு இதயம் பெரிதாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாரின், கார்னிடின் (இறைச்சியில் இருக்கும் இன்னொரு சத்து), மீன் எண்ணெய் ஆகியவற்றில் எதை வாங்கலாம், வீட்டுப் பூனைக்கும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். சத்துக் குறைவால் வந்த நோய் என்றால் அந்தச் சத்தைக் கொடுத்தால் இதயம் தேறும். வேறு காரணத்தால் வந்திருந்தால் எத்தனை டப்பா வாங்கினாலும் தேறாது. ஆகவே, மாத்திரைக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் இதய ஸ்கேனுக்கு எடுத்து வையுங்கள்.

முதலில் பூனை. டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் சத்து. அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவு தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, துடிப்பு வலுவிழக்கும் என்பதை 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் குழுவினர் கண்டறிந்தார்கள். அதன்பின் தீனி நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. பூனைகளிடம் அந்த நோயும் அரிதாகிவிட்டது. இன்று பூனைகளுக்கு அதிகம் வருவது இதயத் தசை தடித்துப்போகும் நோய். மெய்ன் கூன், ராக்டோல் இனங்களில் அது பரம்பரையாகவும் வருகிறது. அதற்கு டாரின் பயன்படாது. நல்ல பூனைத் தீனி தின்னும் பூனைக்குத் தனியாக மாத்திரையும் வேண்டாம்.

ஆனால் நம் பக்கத்துப் பூனைகள் எல்லாம் பாக்கெட் தீனியா தின்கின்றன? சோற்றில் ஒரு கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை அவித்துப் பிசைந்து வைக்கிறோம். மீன் நல்லதுதான். ஆனால் டாரின் தண்ணீரில் கரையக்கூடியது. அவித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டால் டாரினில் ஒரு பங்கும் அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரையும் சேர்த்துப் பிசையுங்கள், உப்புப் போடாமல். கோழியின் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். பசாரில் கோழி இதயம் மலிவாகவே கிடைக்கிறது. மீந்த பருப்புக் குழம்பும் சோறும் மட்டும் தின்று வளரும் பூனையை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அப்படிப்பட்ட பூனைக்கு இதயம் விரிந்திருந்தால், பொதுவாக ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம் டாரின், நாளைக்கு இரண்டு வேளை கொடுப்பார்கள்.

நாயின் கதை வேறு. நாய் தன் உடம்பிலேயே டாரினைத் தயாரித்துக்கொள்ளும். இருந்தும் அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரெட்ரீவர், நியூஃபவுண்ட்லாண்ட் இனங்களில் குறைபாடு வருகிறது. காக்கர் ஸ்பேனியலுக்கு டாரினும் கார்னிடினும் சேர்த்துக் கொடுத்ததில் துடிப்பு தேறியது என்று 1997இல் ஆய்வு வெளிவந்தது. எங்களிடம் வரும் தோட்டத்துக் கிராணி ஒருவரின் காக்கர் ஸ்பேனியல் அப்படித்தான் தேறியது. இதயத் துடிப்பை வலுப்படுத்த டாக்டர் கொடுத்த பிமோபெண்டான் மாத்திரையோடு இவை இரண்டையும் விடாமல் கொடுத்தார். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்ததைப் பார்த்து அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். டோபர்மேனுக்கு இதே பலனை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வரும் நோய் பெரும்பாலும் பரம்பரை.

இன்னொன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்: நாய்க்குத் தானியமில்லாத தீனி வாங்குகிறீர்களா? பட்டாணியும் பருப்பும் நிறைந்த அத்தகைய தீனிகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. இருந்தாலும் நோய் கண்ட நாய்க்குத் தீனியை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

மீன் எண்ணெயைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு. இதயம் தளர்ந்த நாய் சாப்பாட்டை ஒதுக்கி, முதுகுச் சதை கரைந்து இளைக்கும். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அதற்கு ஓரளவு துணை செய்கிறது. காட் மீன் ஈரல் எண்ணெயை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் ஏ, டி வைட்டமின்கள் மிகுதி. இதயத்துக்கென்று விற்கும் இன்னொரு சத்து மாத்திரையான கோஎன்சைம் கியூ10க்கு ஆதாரம் பலவீனம், விலையோ அதிகம். நான் வாங்கமாட்டேன்.

டாரின் இருக்கிறதே என்று ஊக்க பானம் கொடுக்க நினைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், அதிலுள்ள காஃபின் நோயுற்ற இதயத்துக்கு ஆபத்து. உப்பு நெத்திலியும் கருவாடும்கூட இந்த நோயாளிகளுக்கு ஆகாது. எந்தச் சத்து மாத்திரையும் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு மாற்று ஆகாது.

நாய் இருமுகிறது என்றால் இதயப்புழுச் சோதனையும் கேளுங்கள். நம் ஊர்க் கொசுவால் அதுவும் பரவுகிறது. டாரின் தொடங்குவதற்கு முன்பே இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவிடுவது நல்லது. நாய்க்குப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு மாதம் ஆகலாம்.

அதுவரை, நாயோ பூனையோ அயர்ந்து தூங்கும்போது அதன் நெஞ்சைக் கவனியுங்கள். ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து அலறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் பக்கத்து நகரமான ஈப்போவுக்குக் கிளம்புங்கள். கிளம்பும்போதே அங்குள்ள மருந்தகத்துக்குப் போன் செய்து, ஆக்சிஜன் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.