கேளுங்கள், சொல்கிறோம்: படுக்கையில் கிடப்பவரைக் கவனிப்பவர்களுக்கு

பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் திருப்பிப் போடுகிறேன். அப்படியும் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?
— வாசகி, தேவிபட்டினம்

தேய்க்கவே கூடாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கி, அந்த இடத்துத் தசை ஏற்கெனவே ரத்தம் இல்லாமல் தவிக்கிறது. மேலே தேய்த்தால் உள்ளே இருப்பது கிழியும்.

முதலில் அது படுக்கைப்புண்ணின் தொடக்கமா என்று பாருங்கள். விரலால் மூன்று வினாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு பழைய நிறத்துக்கு வந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் முதல் நிலைப் புண் என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் 'சிவப்பு' என்று போட்டிருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுவே அடையாளம்.

நேரத்துக்குத் திருப்பியும் இப்படி ஆகிறது என்றால், திருப்பும் விதத்தைச் சந்தேகப்பட வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் மொத்தப் பாரமும் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்த்தால் போதும்: முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. பிறகு வால் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு படுக்கையில் அழுந்தக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். வளையம் போன்ற காற்றுத் தலையணையை வாங்கிவந்து உட்கார வைப்பார்கள். வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும்.

இன்னொரு காரணம் சறுக்கல். தலைமாட்டை நிமிர்த்தியே வைத்திருந்தால் உடம்பு கீழே சரியும், தோல் மட்டும் விரிப்போடு ஒட்டி நிற்கும். மேலே ஏற்றும்போது அக்குளில் கைவிட்டு இழுக்காதீர்கள். வாதம் வந்த தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்புக்கு அடியில் ஒரு துணி விரிப்பைப் போட்டு வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூக்கி நகர்த்துங்கள்.

நம் கரைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உப்புக் காற்றில் வியர்வை காயாது. ரெக்சின் விரிப்பின் மேல் கட்டாயம் பருத்தித் துணி வேண்டும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காததால் கூடுதலாகப் போடுவோம். அது போகாமல் தொடை இடுக்கில் தங்கி அரிக்கும். கடைசி இரண்டு செம்பாவது குழாயில் வரும் காவிரித் தண்ணீராக இருக்கட்டும். துடைக்கும்போது ஒற்றி எடுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கட்டியாகிவிடும். வருகிறவர் போகிறவர் காலோடு மணல் படுக்கைக்கு வரும், திருப்பும்போதெல்லாம் விரிப்பை உதறுங்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்புவதை விட முடியாது. கரண்ட் போனால் அது வெறும் ரப்பர்.

எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தோல் உரிந்தாலோ, கொப்புளம், வாடை, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சிஸ்டரிடம் அந்த நோட்டோடு காட்டுங்கள்.

மூக்குக் குழாயில் கேப்பைக் கஞ்சி விடும்போது அம்மா இருமுகிறார். குழாயும் அடிக்கடி அடைக்கிறது. ஊசிக்குழலால் காற்று அடித்து, வயிற்றில் சத்தம் கேட்டால் குழாய் சரியாக இருக்கிறது என்கிறார்களே?
— வாசகர், கீழக்கரை

அந்தச் சத்தத்தை நம்ப முடியாது. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அது வயிற்றில் கேட்பதுபோலத் தோன்றும். மூக்கு நுனியில் குழாய் எந்த அளவில் நிற்கிறது என்று குழாய் போட்ட அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேளையும் அந்தக் குறியைப் பாருங்கள். விலகியிருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள், நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது.

இருமினால் அந்த நொடியே குழாயை மடித்து நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108.

தலைமாடு 30 முதல் 45 டிகிரி. கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். 200 மில்லியை 15, 20 நிமிடத்தில் தானாக இறங்க விடுங்கள். வேகமாக இறங்கினால் ஊசிக்குழலைத் தாழ்த்துங்கள், பிஸ்டன் போட்டு அழுத்தாதீர்கள். முன்னும் பின்னும் 30 மில்லி குடிதண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். பாதி அடைப்பு இதைச் செய்யாததால்தான். மீதி, கேப்பைத் தவிடு. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரைத்து விடுங்கள். ஆனால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரை மெல்லத் தள்ளி இழுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

இளநீர் நல்லதுதானே என்று குழாயில் விடுகிறவர்கள் உண்டு. அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத்தையே பாதிக்கும். டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

பிரஷர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காட்டுகிறது. மிஷின் கோளாறா?
— வாசகி, பாம்பன்

பெரும்பாலும் மிஷின் இல்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தீர்களா? சிறுநீர் கழித்தாரா? டீ, பீடி ஆகி அரை மணி ஆனதா? கால்மேல் கால் போடாமல் முதுகைச் சாய்த்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் கஃபைச் சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் கூடுதலாகத்தான் காட்டும். எப்போதும் ஒரே கையில் எடுங்கள், வாதம் வந்த கையிலும், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயை இணைத்து வைத்த கையிலும் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

விரலில் மருதாணி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 88 காட்டியது. நம்பலாமா?
— வாசகி, தொண்டி

அடர்ந்த மருதாணி கருவியைக் குழப்பக்கூடும். சில்லிட்ட விரலும் அப்படித்தான். கையைச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். கூடவே, அவருக்குத் தெரியாமல் முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. மூச்சு வேகமாக இருந்தாலோ, வேறு விரலிலும் எண் குறைவாகவே நின்றாலோ மருதாணிமேல் பழி போடாமல் உடனே சிஸ்டரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

யூரின் பேக்கில் காலையிலிருந்து எதுவும் வரவில்லை.
— வாசகர், சாயல்குடி

குழாய் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். மேலே தூக்கினால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை, அடிவயிறு வீங்கியிருக்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கலாம். நீங்களாகக் கழற்றாதீர்கள், உள்ளே பலூன் இருக்கிறது. கடைசியாக எத்தனை மணிக்கு எத்தனை மில்லி வந்தது என்று சொல்லி சிஸ்டரை அழையுங்கள்; வர முடியாது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.