பல்லாரட்டின் தங்கத்துக்கும் குவீன்ஸ்கிளிஃப் கடற்கரைக்கும் என்ன தொடர்பு?

இரண்டுமே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கின்றன. பூமியில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குவிந்ததால் உருவான ஊரைத்தான் தங்க வேட்டை நகரம் என்கிறோம். பல்லாரட்டில் அது நடந்தது 1851-இல்.

அத்தனை பேர் ஏன் வந்தார்கள்? முதலில் கிடைத்த தங்கத்துக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மழையும் ஓடையும் பாறையைக் காலங்காலமாகக் கரைத்தபோது, கனமான தங்கம் ஓடைப் படுகையில் தங்கிவிட்டது. அரிசியை அரிக்கும்போது கல் அடியில் நிற்குமே, அதே மாதிரிதான். ஒரு தட்டும் தண்ணீரும் போதும். பல்லாரட்டின் சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இன்றும் நீங்களே ஓடையில் அரித்துப் பார்க்கலாம், அதைத் தவறவிடாதீர்கள்.

சரி, கடற்கரை? தங்கப் பணத்தால் மெல்போர்ன் செழித்தது. வசதி வந்தவர்கள் கோடையில் நீராவிக் கப்பலேறி குவீன்ஸ்கிளிஃபுக்கு ஓய்வெடுக்கப் போனார்கள். 1879-இல் ரயிலும் வந்தது. 1880-களில் எழுந்த ஆடம்பர ஓட்டல்கள் இன்னும் நிற்கின்றன.

தங்கம் தீர்ந்ததும் இந்தச் சுரங்க ஊர்கள் வெறிச்சோடிவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல்லாரட்டிலும், விக்டோரியாவின் இன்னொரு தங்க வேட்டை நகரமான பெண்டிகோவிலும் இன்று தலா ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள்.